பயிர் காட்டிய பாதை

ஒரு சாலை மண்ணுக்குள் புதைந்து ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் மேல் இப்போது பார்லி விளைந்து நிற்கிறது. தன் வயலுக்கு அடியில் சாலை ஒன்று இருப்பது அந்த விவசாயிக்கே தெரியாது. மண்வெட்டியைத் தொடாமல், அந்தச் சாலை எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று யாராலாவது சொல்ல முடியுமா?

முடியும். வயலில் நிற்கும் பயிரே அதைச் சொல்லிவிடும். ஆனால், பயிர் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமானால் வானத்தில் ஏறிப் பார்க்க வேண்டும். அந்தப் படிப்பை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் முதன்மையானவர், ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேயர். ஆஸ்பர்ட் கை ஸ்டான்ஹோப் கிராஃபோர்ட் என்பது முழுப் பெயர். அவரது கதையை இந்த வாரம் பார்ப்போமா?

மும்பையில் பிறந்த குழந்தை

கிராஃபோர்ட் பிறந்தது நம் நாட்டில்தான். 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி, அன்று பம்பாய் என்று அழைக்கப்பட்ட மும்பையில் பிறந்தார். தந்தை, ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இந்தியாவில் பணியாற்றி வந்தார்.

குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்து போனார். மூன்று மாதக் கைக்குழந்தையைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார்கள். தந்தையின் சகோதரிகள் இருவர் குழந்தையை வளர்த்தார்கள். ஏழு வயது நடக்கும்போது, இந்தியாவிலேயே தந்தையும் காலமானார். தாய், தந்தை இருவரையும் இழந்த சிறுவனுக்கு அத்தைகள் இருவரும்தான் எல்லாம்.

முதலில் லண்டனில் வாழ்ந்த குடும்பம், பிறகு ஹாம்ப்ஷயர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. சுற்றிலும் பசும்புல் போர்த்திய சுண்ணாம்புக் குன்றுகள். அந்தக் குன்றுகளின் மேல் ஆங்காங்கே வட்டமான மண்மேடுகள், நீண்ட கரைகள், தூர்ந்து போன பள்ளங்கள். யார் கட்டியவை, எதற்காகக் கட்டியவை என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சிறுவன் ஆஸ்பர்ட்டின் மனத்தில் அவை பதிந்து விட்டன.

விளையாட்டு வேண்டாம், வரைபடம் போதும்

வளர்ந்ததும் மார்ல்பரோ என்ற ஊரில் உள்ள பெரிய விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தப் பள்ளி அவருக்குப் பிடிக்கவே இல்லை. கட்டாய விளையாட்டும், பெரிய மாணவர்களின் தொல்லையும் அவரை வாட்டின. பள்ளியில் அவருக்குக் கிடைத்த ஒரே நிம்மதி, அங்கே இருந்த தொல்லியல் மன்றம். மன்றத்து மாணவர்களோடு சேர்ந்து ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி போன்ற பழங்காலக் கல் வட்டங்களைப் போய்ப் பார்த்தார். அரசாங்க நில அளவைத் துறை வெளியிட்ட வரைபடங்களைக் கையில் வைத்துக் கொண்டு குன்று குன்றாக ஏறி இறங்கினார். வரைபடத்தில் இருப்பது தரையில் இருக்கிறதா, தரையில் இருப்பது வரைபடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அவருக்கு விளையாட்டாகி விட்டது.

1905-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கிரேக்கம், லத்தீன் போன்ற பழைய மொழிகளை முதலில் படித்தார். தேர்வில் மூன்றாம் வகுப்பில்தான் தேறினார். பிறகு துணிந்து புவியியலுக்கு மாறினார். அந்தக் காலத்தில் புவியியலைப் பெரிய படிப்பாக யாரும் மதிப்பதில்லை. ஆனால், அவருக்குப் பிடித்த வரைபடங்கள் அந்தப் படிப்பில்தான் இருந்தன. 1910-ஆம் ஆண்டு அதில் பட்டயம் பெற்றார்.

அந்த நாட்களில் ஹாம்ப்ஷயரில் வில்லியம்ஸ் ஃப்ரீமன் என்றொரு மருத்துவர் இருந்தார். பழைய மண்கோட்டைகளைத் தேடி அலைவதில் அவருக்கும் ஆசை அதிகம். இந்தக் கரைகளையும் பள்ளங்களையும் முழுமையாகப் புரிந்து கொள்ள மனிதன் பறவையாகப் பிறந்திருக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். இளைஞர் கிராஃபோர்ட் அதை மறக்கவில்லை. அவரே பறக்கும் நாள் வந்தது. ஆனால், அது ஒரு போர்க்காலம்.

வானத்தில் குண்டு, தரையில் சிறை

1914-ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. கிராஃபோர்ட் படையில் சேர்ந்து பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். காய்ச்சலும் மலேரியாவும் தாக்கியதால் திருப்பி அனுப்பப்பட்டார். விமானப் படையில் சேர முயன்றார். உடல் எடை அதிகம் என்று சொல்லி அனுப்பி விட்டார்கள்! பிறகு படையின் வரைபடப் பிரிவில் வேலை கிடைத்தது. விடாமல் முயன்று 1917-ஆம் ஆண்டு விமானப் படையிலும் இடம் பிடித்தார்.

அவருக்குக் கொடுத்த வேலை, விமானம் ஓட்டுவது அல்ல. விமானியோடு உட்கார்ந்து, கீழே எதிரியின் நிலைகளை நோட்டமிட்டு வரைபடத்தில் குறிப்பது. முதல் பறப்பிலேயே எதிரிகளின் குண்டு அவரது காலைத் துளைத்தது. குணமாகி மறுபடியும் பறந்தார். 1918-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அவரது விமானம் சுடப்பட்டு எதிரியின் பகுதியில் இறங்க நேர்ந்தது. ஜெர்மானியர்கள் அவரைச் சிறைப்பிடித்தனர்.

சிறையிலிருந்து தப்பி ஆற்றில் நீந்திப் பார்த்தார். நீரின் வேகம் விடவில்லை, பிடிபட்டார். வேறு சிறை முகாமுக்கு மாற்றினார்கள். போர் முடியும் வரை அங்கே சும்மா இருக்கவில்லை. மனிதனின் பழங்கால வரலாற்றை எப்படி ஆராய வேண்டும் என்று ஒரு நூலின் பெரும் பகுதியைச் சிறையிலேயே எழுதினார். அது 1921-ஆம் ஆண்டு அச்சில் வந்தது.

போர் அவருக்கு ஒரு பாடத்தைக் கற்றுக் கொடுத்திருந்தது. விமானத்திலிருந்து எடுத்த புகைப்படத்தில், தரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத பதுங்கு குழியும் தெரிந்து விடுகிறது. அப்படியானால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெட்டிய பள்ளமும் தெரிய வேண்டும் அல்லவா?

மிதிவண்டியில் ஒரு அதிகாரி

1920-ஆம் ஆண்டு, சவுத்தாம்ப்டன் நகரில் இருந்த நில அளவைத் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. பதவியின் பெயர் தொல்லியல் அலுவலர். அந்தத் துறையில் அப்படி ஒரு பதவி அதற்கு முன் இருந்ததே இல்லை. இப்படி ஒரு ஆள் எதற்கு என்று அலுவலகத்தில் சிலர் முணுமுணுத்தார்கள்.

கிராஃபோர்ட் வாயால் பதில் சொல்லவில்லை. வரைபடங்களைப் பையில் போட்டுக் கொண்டு மிதிவண்டியில் கிளம்பி விட்டார். அந்த ஆண்டின் இறுதிக்குள் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தில் மட்டும் 208 இடங்களை நேரில் போய்ப் பார்த்தார். அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லாத 81 பழங்கால ஈமத் திட்டுகளை வரைபடத்தில் சேர்த்தார். நாடெங்கும் இருந்த ஆசிரியர்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள் போன்ற ஆர்வலர்களையும் தமக்குத் துணையாகச் சேர்த்துக் கொண்டார். தங்கள் ஊர்ப் பக்கத்து வரைபடத்தைச் சரிபார்த்து அனுப்புவது அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது!

1922-ஆம் ஆண்டு விமானப் படை அதிகாரி ஒருவர் அவரை அழைத்தார். ஹாம்ப்ஷயருக்கு மேலே பறந்தபோது எடுத்த படங்களில் விசித்திரமான கோடுகள் தெரிகின்றன, அவை என்னவென்று பார்க்க வேண்டும் என்றார். படங்களைப் பார்த்த கிராஃபோர்டுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவை ரோமானியர் வருவதற்கும் முந்தைய மக்கள் உழுத சிறு சிறு வயல்களின் வரப்புகள். எத்தனையோ ஆண்டுகள் நடந்து தேடியவருக்கு, ஒரே படத்தில் ஊரே விரிந்து கிடந்தது.

அடுத்த ஆண்டு இன்னொரு வெற்றி. ஸ்டோன்ஹெஞ்ச் கல் வட்டத்திலிருந்து ஒரு பழங்கால வழி புறப்படுகிறது. அது கொஞ்ச தூரம் போய் மறைந்து விடும். 1921-ஆம் ஆண்டு விமானப் படை எடுத்திருந்த படங்களை 1923-ஆம் ஆண்டு ஆராய்ந்தபோது, மறைந்து போன பகுதி இரண்டு மெல்லிய கோடுகளாகத் தெரிவதைக் கண்டார். படத்தை மட்டும் நம்பி அவர் அறிவித்து விடவில்லை. நண்பர் ஒருவரோடு அந்த இடத்துக்குப் போய்த் தோண்டிப் பார்த்தார். படம் காட்டிய அதே இடங்களில் தூர்ந்த பள்ளங்கள் இருந்தன!

பயிர் எப்படிச் சொல்கிறது?

மாணவர்களே, இப்போது அந்த ரகசியத்தைப் பார்ப்போம்.

ரோமானியர்களை உங்களுக்குத் தெரியும். நம் சங்க இலக்கியங்களில் யவனர் என்று வருகிறார்களே, அவர்களில் ரோமானியரும் உண்டு. அவர்கள் கி.பி. 43-ஆம் ஆண்டு பிரிட்டனுக்குள் படையெடுத்து வந்து, ஏறத்தாழ கி.பி. 410 வரை ஆண்டார்கள். படைகள் விரைவாகப் போய்வர நாடு முழுவதும் சாலைகள் போட்டார்கள்.

சாலை போடுவதில் அவர்கள் வல்லவர்கள். அடியில் பெரிய கற்களை அடுக்கி, மேலே சரளையைக் கொட்டிக் கெட்டித்தார்கள். மழைநீர் தேங்காதபடி சாலையை நடுவில் உயர்த்தினார்கள். பல இடங்களில் இரண்டு பக்கமும் வடிகால் பள்ளம் வெட்டினார்கள். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டைக் குறி பார்த்து, நூல் பிடித்தாற்போல நேராகப் போட்டார்கள். திரும்ப வேண்டுமானால் பெரும்பாலும் மேட்டின் மேல்தான் திரும்புவார்கள். எக்ஸெட்டரிலிருந்து லிங்கன் வரை போகும் ஃபாஸ் வே என்ற சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பல பகுதிகளில் இன்றும் கார்கள் ஓடுகின்றன.

எல்லாச் சாலைகளுக்கும் இந்த நல்ல காலம் வாய்க்கவில்லை. ரோமானியர் போன பிறகு பல சாலைகள் கவனிப்பாரற்றுப் போயின. வீடு கட்டக் கற்களைப் பெயர்த்தார்கள். மண் மூடியது. ஏர் உழுதது. நாளடைவில் மேலே எந்த அடையாளமும் இல்லாமல் போயிற்று.

ஆனால், அடியில் கற்களும் பள்ளமும் அப்படியே இருக்கின்றன. அங்கேதான் பயிர் வருகிறது. கெட்டித்த சாலைக்கு மேலே மண் கொஞ்சம்தான் இருக்கும். அங்கே விழும் விதை ஆழமாக வேர் விட முடியாது. வெயில் காய்ந்தால் அந்தப் பயிருக்குத்தான் முதலில் தண்ணீர்ப் பஞ்சம். குட்டையாக வளர்ந்து, சீக்கிரம் மஞ்சளாகி விடும். ஓரப் பள்ளங்களின் கதை நேர் எதிர். நூற்றாண்டுக் கணக்கில் வந்து சேர்ந்த வளமான மண் அவற்றில் நிறைந்திருக்கும். ஈரமும் தங்கும். அங்கே பயிர் உயரமாக, கரும்பச்சையாக நிற்கும்.

ஆகவே, வானத்திலிருந்து பார்த்தால் நடுவில் வெளிறிய பட்டை ஒன்று, அதன் இரு பக்கமும் கரும்பச்சைக் கோடுகள் இரண்டு. புதைந்து போன சாலையின் படத்தைப் பயிரே வரைந்து கொடுத்து விடுகிறது. இதைத்தான் பயிர்த்தடம் என்கிறோம். பார்லி, கோதுமை போன்ற பயிர்களில் இது நன்றாகத் தெரியும்.

இந்தப் படம் எல்லா நாளும் தெரியாது. நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லாப் பயிரும் ஒரே மாதிரி செழித்து விடும். மழை பொய்த்த கோடையில், அறுவடைக்கு முன் சில வாரங்கள் மட்டும் தடம் தெரியும். அரிவாள் பட்டதும் மறைந்து விடும். அந்தச் சில வாரங்களில் யாராவது மேலே பறந்து படம் எடுத்தால்தான் உண்டு. இல்லையென்றால் அடுத்த வறண்ட ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வீடோ தொழிற்சாலையோ எழும்பி விட்டால், அந்தத் தடம் என்றைக்கும் கிடைக்காது.

பயிர்த்தடத்தை முதலில் கவனித்தவர் கிராஃபோர்ட் அல்ல. 1719-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஸ்டூக்லி என்ற அறிஞர், ஒரு தானிய வயலில் பழைய கட்டடத்தின் வடிவம் தெரிவதைப் பார்த்து எழுதி வைத்தார். 1906-ஆம் ஆண்டு ராணுவ பலூனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஆனால், இப்படிக் கிடைத்தவற்றை எல்லாம் ஒழுங்குபடுத்தியவர் கிராஃபோர்ட். மாலை வெயிலில் விழும் நிழலால் தெரிபவை, உழுத மண்ணின் நிற வேறுபாட்டால் தெரிபவை, பயிரால் தெரிபவை என்று வகை பிரித்து, யாரும் கற்றுக் கொள்ளும் பாடமாக ஆக்கினார்.

பூனையும் கம்பளமும்

இதை விளக்க அவர் ஓர் அழகான உவமை சொன்னார். பூ வேலைப்பாடு செய்த கம்பளத்தின் மேல் ஒரு பூனை படுத்திருக்கிறது. பூனைக்குத் தெரிவது நூல் முடிச்சுகளும் சில வண்ணத் திட்டுகளும்தான். அதே கம்பளத்தை நின்று கொண்டு பார்க்கும் மனிதனுக்கு முழுச் சித்திரமும் தெரிகிறது. வயலில் நடக்கும் ஆராய்ச்சியாளர் அந்தப் பூனை போன்றவர். விமானத்தில் போகிறவர் நின்று பார்க்கும் மனிதரைப் போன்றவர். கிராஃபோர்டுக்குப் பூனைகள் என்றால் கொள்ளைப் பிரியம். பூனைகளின் மொழியைப் பற்றி வானொலியில் உரையே நிகழ்த்தியவர் அவர்!

கோடு போடுவதற்கு முன்

வயலில் நேராகத் தெரியும் கோடு எல்லாம் ரோமானியச் சாலை ஆகி விடுமா? ஆகாது. அது அண்மையில் பதித்த தண்ணீர்க் குழாயாக இருக்கலாம். வெட்டி எறிந்த பழைய வேலியாக இருக்கலாம். கைவிடப்பட்ட வண்டிப் பாதையாகவும் இருக்கலாம்.

அதனால், இந்த ஆராய்ச்சியில் படிப்படியாகப் போக வேண்டும். முதலில் படத்தில் தெரியும் வேலி, தேவாலயம், சாலைச் சந்திப்பு ஆகியவற்றை வரைபடத்தோடு பொருத்தி, கோடு எந்த இடத்தில் விழுகிறது என்று அளக்க வேண்டும். அடுத்து, அந்தக் கோட்டை இரு பக்கமும் நீட்டிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ரோமானியச் சாலையோடு அது போய்ச் சேருகிறதா? பழைய கோட்டைக்கோ ஊருக்கோ போகிறதா? மேட்டிலிருந்து மேட்டுக்கு நேராக ஓடுகிறதா? பிறகு பழைய ஆவணங்களையும் ஊர்ப் பெயர்களையும் பார்க்க வேண்டும். கடைசியாக நேரில் போய் நடக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறு குழி வெட்டி, சரளை அடுக்கும் ஓரப் பள்ளமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கிராஃபோர்டின் உழைப்பில் 1924-ஆம் ஆண்டு ரோமானிய பிரிட்டனின் வரைபடத்தை நில அளவைத் துறை வெளியிட்டது. சாலைகள், கோட்டைகள், ஊர்கள் எல்லாம் ஒரே தாளில் இருந்தன. மக்கள் ஆர்வத்தோடு வாங்கினார்கள். 1928-ஆம் ஆண்டு திருத்திய பதிப்பு வந்தது. இந்த வரைபடங்களில் உறுதியாகத் தெரிந்த சாலை வேறு, ஊகமாகப் போட்ட சாலை வேறு என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி காட்டுவது வழக்கம். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், ஊகத்தை ஊகமாகவும் காட்டுவதுதான் ஆராய்ச்சியில் நேர்மை.

வயலில் தெரிந்த நகரம்

1924-ஆம் ஆண்டு கோடையில், அலெக்ஸாண்டர் கெய்லர் என்ற செல்வந்தரின் பண உதவியோடு கிராஃபோர்ட் தாமே விமானத்தில் ஏறினார். பழப்பாகு தயாரித்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்த கெய்லருக்கும் தொல்லியலில் ஆர்வம் அதிகம். இருவரும் ஹாம்ப்ஷயர், வில்ட்ஷயர், டார்செட் பகுதிகளின் மேலே பறந்து படங்கள் எடுத்தார்கள். அந்தப் படங்கள் 1928-ஆம் ஆண்டு பெரிய நூலாக வெளிவந்தன.

இதற்குள் மற்றவர்களும் வானத்திலிருந்து கூர்ந்து பார்க்கத் தொடங்கி விட்டார்கள். 1925-ஆம் ஆண்டு ஸ்டோன்ஹெஞ்ச் அருகே பறந்த இன்சால் என்ற விமானி, வயலில் வட்டமாகப் புள்ளிகளைக் கண்டார். அடுத்த கோடையில் கோதுமைப் பயிரிலும் அவை தெளிவாகத் தெரிந்தன. தோண்டியபோது, பழங்காலத்தில் மரத்தூண்களை வட்ட வட்டமாக நட்ட குழிகள் வெளிப்பட்டன. அந்த இடத்துக்கு வுட்ஹெஞ்ச் என்று பெயர் வைத்தார்கள்.

1928-ஆம் ஆண்டு கோடை மிகவும் வறண்டிருந்தது. அந்த ஜூலை மாதம், நாரிச் நகருக்கு அருகில் கைஸ்டர் என்ற இடத்தின் மேலே பறந்த விமானப் படையினர் படம் எடுத்தார்கள். அங்கே ஒரு ரோமானிய நகரம் இருந்தது என்பது முன்பே தெரியும். ஆனால், மதில் சுவர்கள் தவிர மேலே வேறொன்றும் இல்லை. உள்ளே வயல்தான். படத்தைக் கழுவிப் பார்த்தால், அந்த வயலில் நகரத்துத் தெருக்கள் எல்லாம் வெளிறிய கோடுகளாக, குறுக்கும் நெடுக்குமாகச் சதுரங்கப் பலகை போலத் தெரிந்தன! அடுத்த ஆண்டு அந்தப் படம் நாளிதழில் வெளியானதும் மக்கள் வியந்து போனார்கள். அதே ஆண்டு அங்கே அகழாய்வும் தொடங்கியது.

வேறு நாடுகளிலும் இந்த முறை பரவியது. சிரியா நாட்டுப் பாலைவனத்தின் மேலே, புவாதபார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பல ஆண்டுகள் பறந்து, ரோமானியச் சாலைகளையும் கோட்டைகளையும் படம் எடுத்தார். பயிர் இல்லாத அந்த மண்ணில், காலை மாலை வெயிலின் சாய்ந்த நிழல்தான் அவருக்கு வழிகாட்டியது.

ஒரு இதழும் ஒரு தீயும்

1927-ஆம் ஆண்டு ஆன்டிக்விட்டி என்ற தொல்லியல் இதழைக் கிராஃபோர்ட் தொடங்கினார். அறிஞர்களின் கண்டுபிடிப்பு எளிய மக்களுக்கும் புரிய வேண்டும் என்பது அவரது ஆசை. முப்பது ஆண்டுகள், இறக்கும் வரை, அதன் ஆசிரியராக இருந்தார். அந்த இதழ் நூறு ஆண்டுகளை நெருங்கிய பிறகும் தொடர்ந்து வருகிறது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அவருக்கு ஒரு கவலை பிறந்தது. சவுத்தாம்ப்டன் துறைமுக நகரம். எதிரிகள் நிச்சயம் குண்டு போடுவார்கள். அலுவலகத்தில் இருக்கும் வரைபடங்கள், புகைப்படங்கள், நூல்கள் எல்லாவற்றையும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று மேலதிகாரிகளை வற்புறுத்தினார். யாரும் காது கொடுக்கவில்லை. தம்மால் முடிந்த மட்டும் சில பழைய வரைபடங்களைத் தமது வீட்டுக் கார் கொட்டகைக்குக் கொண்டு போனார்.

1940-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் பயந்தது நடந்தது. விமானங்கள் குண்டு பொழிந்தன. நில அளவைத் துறை அலுவலகம் எரிந்தது. இருபது ஆண்டுகளாகச் சேர்த்தவற்றில் பெரும் பகுதி சாம்பலாயிற்று. பழையதைப் பார்க்கப் பயன்பட்ட அதே விமானம், பழையதை அழிக்கவும் வந்து விட்டது.

மனம் நொந்தாலும் அவர் முடங்கவில்லை. கேமராவை எடுத்துக் கொண்டு தெருத் தெருவாகப் போனார். குண்டுக்குத் தப்பி நிற்கும் பழைய கட்டடங்களை, அவையும் அழிவதற்கு முன் ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார். பயிர்த்தடம் போலவே அந்த வீடுகளும் நாளை இருக்குமோ இருக்காதோ என்பதுதான் அந்த அவசரத்துக்குக் காரணம்.

போர் தொடங்கும் சற்று முன், 1939-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் மேலே பறந்து ரோமானியப் படைகள் சென்ற தடங்களைத் தேடியிருந்தார். அதைப் பற்றிய அவரது நூல் 1949-ஆம் ஆண்டு வந்தது. 1946-ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றார். 1950-ஆம் ஆண்டு அரசு அவருக்குப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது. அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை. சட்டென்று கோபம் வரும், பொறுமை குறைவு என்று பழகியவர்கள் சொல்வார்கள். ஆனால், இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவத் தயங்கியதில்லை. 1957-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், நர்ஸ்லிங் கிராமத்தில் தமது வீட்டில் உறக்கத்திலேயே அவரது உயிர் பிரிந்தது.

இன்றும் தொடரும் தேடல்

கிராஃபோர்ட் போட்ட பாதையில் பலர் நடந்தார்கள். போருக்குப் பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜோசப் என்ற அறிஞர் ஆண்டுதோறும் பறந்து, பல ரோமானியப் படைமுகாம்களைக் கண்டுபிடித்தார். 2018-ஆம் ஆண்டு பிரிட்டனில் கடும் வெயில் அடித்தது. விவசாயிகள் தவித்தார்கள். ஆனால், அந்தக் கோடையில்தான் நூற்றுக்கணக்கான புதிய பயிர்த்தடங்கள் கிடைத்தன.

இப்போது லைடார் என்ற கருவியும் வந்து விட்டது. விமானத்திலிருந்து லேசர் ஒளியைக் கீழே அனுப்பி, தரையின் ஏற்ற இறக்கத்தை மிக நுட்பமாக அளக்கும் கருவி அது. மரங்கள் அடர்ந்த இடத்திலும் சாலையின் மெல்லிய மேடு அதில் தெரிந்து விடும். இந்த முறையில் டெவன், கார்ன்வால் பகுதிகளில் ரோமானியச் சாலைகள் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். கருவி புதியது. ஆனால், மேலே பார்த்ததைத் தரையில் இறங்கிச் சரிபார்க்க வேண்டும் என்ற கிராஃபோர்டின் விதி மாறவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

ஒரு பழைய மரப்பெட்டியோ தெர்மோகோல் பெட்டியோ எடுத்துக் கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் வடியச் சிறு ஓட்டைகள் போடுங்கள். நடுவில் இரண்டு செங்கற்களை வரிசையாக வையுங்கள். அதுதான் உங்கள் சாலை! செங்கல்லுக்கு மேலே இரண்டு விரல் உயரம் இருக்கும்படி, பெட்டி முழுவதும் மண்ணை நிரப்பிச் சமப்படுத்துங்கள். கேழ்வரகோ வெந்தயமோ நெருக்கமாக விதைத்து, அளவாகத் தண்ணீர் விடுங்கள். பயிர் விரல் உயரம் வளர்ந்ததும் தண்ணீரை நிறுத்தி விட்டு, தினமும் மேலிருந்து பாருங்கள். எந்தப் பயிர் முதலில் வாடுகிறது? பார்த்ததை நாள்தோறும் நோட்டில் எழுதி, படமும் வரைந்து வையுங்கள். செங்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாத தம்பியையோ தங்கையையோ கூப்பிட்டு, வாடிய பயிரை வைத்தே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அன்பு மாணவர்களே! பள்ளியில் மகிழ்ச்சி இல்லை, தேர்வில் மூன்றாம் வகுப்பு, போரில் காயம், சிறை, தீயில் எரிந்த உழைப்பு. இத்தனைக்கும் நடுவில் கிராஃபோர்ட் கைவிடாத பழக்கம் ஒன்று உண்டு. பார்த்ததை உடனே குறித்து வைப்பார், குறித்ததை நேரில் போய்ச் சரிபார்ப்பார். நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டால், அறுவடை முடிந்து விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. படிக்கும் வயதில் உள்ள உங்களுக்கும் அது பொருந்தும்தானே?